பதிவாகாத நிக்காஹ்: பிள்ளைக்கு என்ன உரிமை, அதை எப்படி நிறுவுவது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் மனு எழுத உதவிக்குப் போய் உட்காரும் நாட்களில், ஒரே கேள்வி பலர் வாயிலிருந்து வரும். "எங்க நிக்காஹ் ரிஜிஸ்டர் ஆகலைங்க. புள்ளைக்கு வாப்பா சொத்துல பங்கு கிடைக்காதுன்னு கொழுந்தனார் சொல்றாரு. நெசந்தானா?" கேட்பவர் பரங்கிப்பேட்டையாக இருக்கலாம், லால்பேட்டையாக இருக்கலாம், நெல்லிக்குப்பமாகவோ வில்லியனூருக்குப் பக்கத்துச் சுல்தான்பேட்டையாகவோ இருக்கலாம். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். அதற்குள் குழந்தையின் பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, மடித்து மடித்துக் கிழிந்துபோன கல்யாணப் பத்திரிகை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிக்காஹ் அரசுப் பதிவேட்டில் ஏறவில்லை என்ற ஒரே காரணத்தால் அந்தப் பிள்ளையின் உரிமை எதுவும் போகாது. வாப்பாவின் பெயர், சொத்தில் பங்கு, வளர்ப்புச் செலவு எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் யாராவது மறுத்தால், நிக்காஹ் நடந்ததைக் காட்டவேண்டிய பாரம் தாயின் தலையில் வந்து விழும். பதிவில்லாத கல்யாணம் வேறு, செல்லாத கல்யாணம் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமலேயே வீட்டுக்குத் திரும்பிப் போன தாய்மார் நிறைய. அதனால்தான் இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நிக்காஹ் எப்போது நிறைவேறுகிறது?

இஸ்லாமியச் சட்டத்தில் கல்யாணம் என்பது ஓர் ஒப்பந்தம். ஒரு தரப்பு கேட்கவேண்டும், மறு தரப்பு ஒப்புக்கொள்ளவேண்டும். ஈஜாப், கபூல் என்பது அதுதான். ஒரே அமர்வில், சாட்சிகள் காதில் விழும்படி இது நடந்துவிட்டால் நிக்காஹ் முடிந்தது. கணவன் மனைவிக்குத் தரவேண்டிய மஹர் தொகை பேசாமல் விட்டிருந்தாலும் கல்யாணம் செல்லும். பொருத்தமான மஹரை மனைவி பிறகு கேட்டு வாங்கலாம். கடலோர மரைக்காயர் குடும்பங்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப் என்ற சட்ட மரபைப் பின்பற்றுகின்றன. அங்கே பெண்ணுக்கு 'வலி', அதாவது அவள் சார்பில் சம்மதம் சொல்லும் தகப்பன் அல்லது காப்பாளர், கட்டாயம். ஹனஃபி மரபினரிடம் வயதுவந்த பெண் தானாகவே சம்மதம் தரலாம். ஷியாக்களிடம் நிக்காஹுக்குச் சாட்சி கூடக் கட்டாயமில்லை. இப்படி மத்ஹபுக்கு மத்ஹப் வேறுபாடு இருந்தாலும், எழுத்தில் பதிந்தால்தான் கல்யாணம் என்று எதுவும் சொல்லவில்லை.

காஜி வரவில்லை, அதனால் கல்யாணம் சரியில்லை என்றும் சிலர் சொல்வார்கள். அதுவும் தவறு. 1880-ஆம் ஆண்டுக் காஜிகள் சட்டத்தின் 4-ஆவது பிரிவே, எந்தத் திருமணத்துக்கும் காஜி வந்தே தீரவேண்டும் என்று இந்தச் சட்டத்தால் ஆகாது எனத் தெளிவாகச் சொல்கிறது. பள்ளிவாசலில் தொழவைக்கும் பேஷ் இமாம் ஓதிவைத்தாலும் சரி, விவரம் தெரிந்த வேறொரு பெரியவர் ஓதிவைத்தாலும் சரி.

அப்படியானால் அரசுப் பதிவு எதற்கு? எல்லா மதத்தாரின் திருமணங்களும் பதிவாகவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2006 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அதே தீர்ப்பில், பதிவு மட்டுமே திருமணம் செல்லுமா என்பதைத் தீர்மானிக்காது என்றும் சொன்னது. பிள்ளைகளின் பொறுப்பு, அவர்கள் உரிமை, மணமக்களின் வயது ஆகியவற்றில் பதிவுக்குப் பெரிய சாட்சிய மதிப்பு உண்டு என்பதே நீதிமன்றத்தின் கருத்து. அதைத் தொடர்ந்து வந்ததுதான் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009. அந்த ஆண்டு நவம்பர் 24 முதல் அமலில் இருக்கிறது. கல்யாணமாகி 90 நாளுக்குள் பதியவேண்டும்; விட்டால் தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். பள்ளிவாசல் தஃப்தரின் (நிக்காஹ் பதிவுப் புத்தகத்தின்) நகல் அங்கே ஆதாரமாகப் போகும். சுருக்கமாகச் சொன்னால், பள்ளிவாசலில் ஏற்கெனவே நடந்துவிட்ட கல்யாணத்தை அரசு குறித்துவைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஏன் விட்டுப்போகிறது?

இந்தக் கரையில் காரணங்கள் நாலைந்துதான். முதலாவது, வெளிநாட்டில் வேலை பார்க்கும் சபராளியின் அவசரம். மாப்பிள்ளைக்கு முப்பது நாள் லீவு. பெண் பார்த்து, நிக்காஹ் முடித்து, விருந்து சாப்பிட்டுத் திரும்ப ஃபிளைட் ஏறுவதற்குள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு யார் போவது? பிறகு குடும்ப விசாவுக்குச் சான்றொப்பம் பெற்ற திருமணச் சான்று கேட்கும்போதுதான் ஓட்டம் தொடங்கும். அதற்குள் 150 நாள் தாண்டியிருக்கும். இரண்டாவது, ஜமாஅத் தஃப்தரில் கையெழுத்துப் போட்டாயிற்றே என்ற நிம்மதி. ஊரறிய நடந்த கல்யாணத்துக்கு அரசு முத்திரை எதற்கு என்று பெரியவர்கள் நினைப்பதில் எனக்குக் கோபமில்லை. அவர்கள் காலத்தில் அது போதுமானதாகத்தான் இருந்தது.

மற்ற இரண்டு காரணங்கள் வெளியே பேசப்படாதவை. ஒன்று, பெண்ணுக்குப் பதினெட்டு ஆகியிருக்காது. இன்னொன்று, மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே குடும்பம் இருக்கும். வேறு ஊரில் நாலு பேரை வைத்து நிக்காஹ் நடந்திருக்கும். பின்னாளில் வழக்காவது பெரும்பாலும் இந்த இரண்டு வகைதான்.

கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் பாண்டிச்சேரி. அங்கே கதை கொஞ்சம் வேறு மாதிரி தொடங்குகிறது. 1819 ஜனவரி 6-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் போட்ட ஆணை, இந்தியர்களை, அவர்கள் கிறித்தவரோ முஸ்லிமோ இந்துவோ, அவரவர் சட்டம், வழக்கம் ஆகியவற்றின்படியே விசாரிக்கவேண்டும் என்றது. 1880-இல் 'எத்தா சிவில்' பதிவு முறை வந்தது: பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் நகராட்சிப் பதிவேட்டில். 1881-இல் சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போகும் வழியும் திறந்தது. அப்படிப் போனவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும்தான் 'ரெனோன்சான்'கள். இந்தியாவோடு இணைந்தபிறகு, 1968-இல் ஷரீஅத் சட்டம் பாண்டிச்சேரிக்கும் நீட்டிக்கப்பட்டது, ரெனோன்சான்களை மட்டும் விட்டுவிட்டு. ஆக, காஜியார் வீதியில் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்குப் பொருந்தும் சட்டமும் கடலூர் முதுநகரில் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்குப் பொருந்தும் சட்டமும், நாம் பேசும் விஷயத்தில், ஏறக்குறைய ஒன்றே. தாள் பழக்கத்தில்தான் வித்தியாசம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களில் பதிவுத் தாள் இல்லாமல் எதுவும் நகராது என்று எல்லாருக்கும் தெரியும். அதே பிரான்சு, முறையான பிள்ளை, முறையற்ற பிள்ளை என்று பிரிக்கும் சொற்களையே 2005-இல் தன் சிவில் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது.

தகப்பன் யார் என்பதைச் சட்டம் எப்படித் தீர்மானிக்கிறது?

தகராறு வரும்போது முதலில் வருவது சாட்சியச் சட்டம். பழைய 1872 சட்டத்தின் 112-ஆவது பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 116. திருமணம் நிலவும் காலத்தில் பிறந்த குழந்தை, அல்லது மணமுறிவுக்குப் பிறகு தாய் மறுமணம் செய்யாமலிருக்கையில் 280 நாளுக்குள் பிறந்த குழந்தை, அந்தக் கணவனின் முறையான பிள்ளை. அந்தக் காலத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று காட்டினால் ஒழிய இதை அசைக்க முடியாது. நிக்காஹ் முடிந்து ஆறு மாதத்துக்குள் பிறந்தால் அந்தக் கணவனின் பிள்ளையாகாது என்பது பழைய ஃபிக்ஹ் நூல்களின், அதாவது மார்க்கச் சட்ட நூல்களின் கணக்கு. இந்தப் பிரிவில் அப்படி ஒரு கணக்கே இல்லை. முஸ்லிம்களுக்கும் இந்தப் பிரிவே பொருந்தும் என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் 1926-இலேயே சொன்னது.

இந்தப் பிரிவு உதவவேண்டுமானால் திருமணம் இருந்தது என்று காட்டியாகவேண்டும். பதிவுச் சான்று இருந்தால் ஒரு தாளில் முடியும் வேலை. இல்லாவிட்டால்? சட்டம் கதவை மூடிவிடவில்லை. ஓதிவைத்தவர் வந்து சொல்லலாம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் சொல்லலாம். தஃப்தரைக் கோர்ட்டுக்கு வரவழைக்கலாம். ஆணும் பெண்ணும் நீண்டகாலம் கணவன் மனைவியாக வாழ்ந்து, ஊரும் உறவும் அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தால், திருமணம் நடந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கலாம். குடும்பத்துப் பெரியவர் ஒருவர் தகராறு எழும் முன்பே உறவைப் பற்றிச் சொன்னதும் எழுதியதும், அவர் இறந்துபோனபிறகும் சாட்சியமாகும். "என் மருமகளுக்கு" என்று தொடங்கும் மாமனாரின் பழைய கடிதம் ஒன்று கிடைத்தால் அதைக் குப்பையில் போடாதீர்கள்.

இதற்கெல்லாம் அப்புறம், இஸ்லாமியச் சட்டத்துக்கே உரிய ஒரு வழி இருக்கிறது: இக்ரார். தகப்பன் "இது என் பிள்ளை" என்று ஏற்றுக்கொள்வது. 1888-இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சையித் மஹ்மூத் இதை மிக விரிவாக எழுதினார். இன்றைக்கும் வழக்கறிஞர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அதன் சாரம் இது. திருமணம் நடந்ததா இல்லையா என்பது நிரூபிக்கப்படாமலும், நடக்கவே இல்லை என்பதும் நிரூபிக்கப்படாமலும் இடைநிலையில் நின்றால், தகப்பனின் ஒப்புதல் அந்த இடைவெளியை நிரப்பிவிடும். பிள்ளை முறையான பிள்ளையாகும், தாயும் மனைவியாக அனுமானிக்கப்படுவாள். திருமணமே நடக்கவில்லை என்று நிரூபணமாகிவிட்டால் இக்ரார் பலிக்காது. 1921-இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலும் இதையே உறுதிசெய்தது.

நிபந்தனைகள் சில உண்டு. வயது வித்தியாசம் தகப்பன் பிள்ளை என்று நம்பும்படி இருக்கவேண்டும். அந்தப் பிள்ளை வேறொருவருடையது என்று ஏற்கெனவே தெரிந்திருக்கக் கூடாது. விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையாக இருந்தால் அதுவும் மறுக்கக் கூடாது. முக்கியமாக, வெறுமனே "நான் பெற்றது" என்றால் போதாது; முறையான பிள்ளையாக ஏற்கும் எண்ணம் இருக்கவேண்டும். வாய்வார்த்தையாகவே இருக்கலாம், நடத்தையிலிருந்தும் தெரியலாம். பள்ளிக்கூடச் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்து, ரேஷன் கார்டில் மகன் என்ற பெயர், பிள்ளை பிறந்ததற்கு அகீகா கொடுத்து ஊரைக் கூப்பிட்டது, தன் ஜமாஅத்தில் பிள்ளையின் பெயரைச் சேர்த்தது, இவையெல்லாம் சேர்ந்து பேசும். ஒருமுறை செய்த இக்ராரைத் திரும்பப் பெற முடியாது. இத்தனை நூற்றாண்டுக்கு முன்பே ஃபிக்ஹ் அறிஞர்கள், சந்தேகம் வந்தால் பிள்ளையின் பக்கம் சாயும்படி ஒரு விதியை வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பஞ்சாயத்துகளில் இது அடிபடவே மாட்டேன் என்கிறது என்பதுதான் என் ஆதங்கம்.

டிஎன்ஏ சோதனை பண்ணிவிட்டால் தீர்ந்ததே என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். 1993 முதலே உச்சநீதிமன்றம் இதில் நிதானமாக இருக்கிறது. கேட்டவுடன் உத்தரவிடக் கூடாது, பிள்ளைமீது களங்கம் ஏற்றுவதற்கான கருவியாக அது ஆகக் கூடாது என்று சொல்லிவருகிறது. வாப்பா வீட்டார் மிரட்டினால் பயந்து ஒதுங்கவேண்டியதில்லை.

முறைகேடான கல்யாணமும் செல்லாத கல்யாணமும்

நிக்காஹில் ஏதோ ஒரு குறை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். சாட்சி சரியாக இல்லை, அல்லது மணமுறிவுக்கோ கணவர் இறப்புக்கோ பின் பெண் காத்திருக்கும் இத்தாக் காலம் முடியுமுன் நடந்துவிட்டது. ஹனஃபி சட்டம் இதை 'ஃபாசித்' என்கிறது, முறைகேடானது. 'பாத்தில்' என்பது அடியோடு செல்லாதது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிள்ளையின் வாழ்க்கை நிற்கிறது. ஃபாசித் கல்யாணத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் இடையே வாரிசுரிமை இல்லை. ஆனால் பிள்ளைகள் முறையான பிள்ளைகள், தகப்பன் சொத்தில் முழுப் பங்கு உண்டு.

2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்த்த கேரள வழக்கு ஒன்று இதற்கு நல்ல உதாரணம். முஸ்லிம் ஆணுக்கும் இந்துப் பெண்ணுக்கும் பிறந்த மகன் தகப்பன் சொத்தில் பங்கு கேட்டார். அந்தத் திருமணம் பாத்தில் இல்லை, ஃபாசித்தான் என்று நீதிமன்றம் முடிவுசெய்து மகனுக்குப் பங்கு உண்டு என்றது. அதற்கு முன் 2008-இல், மனைவி உயிரோடு இருக்கையில் அவள் தங்கையை மணந்த வழக்கிலும், அது ஃபாசித்தான், நீதிமன்றம் செல்லாது என்று அறிவிக்கும்வரை அந்தப் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் ஜீவனாம்சம் தரவேண்டும் என்று தீர்ப்பானது.

பாத்தில் என்று முடிவானால்தான் சிக்கல். இன்னொருவரின் மனைவியாக இருக்கும் பெண்ணை மணப்பது, மணக்கக் கூடாத நெருங்கிய இரத்த உறவு, இப்படிப்பட்டவை. அங்கே பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் வழியில் வாரிசுரிமை இல்லை, இக்ராரும் காப்பாற்றாது. ஹனஃபி சட்டத்தில் தாய் வழியில் மட்டும் கிடைக்கும். ஷியா சட்டத்தில் அதுவும் இல்லை. இந்துத் திருமணச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு செல்லாத திருமணத்துப் பிள்ளையையும் முறையான பிள்ளை என்கிறது. 2023 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் பெற்றோருக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் வரும் பங்கிலும் அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று தெளிவாக்கியது. முஸ்லிம் பிள்ளைக்கு இதற்கு இணையான ஏற்பாடு இல்லை. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்று குர்ஆன் பல இடங்களில் சொல்கிறது. பெற்றவர்கள் செய்ததைப் பிள்ளை ஏன் சுமக்கவேண்டும்? உலமாக்களும் சட்டமன்றமும் சேர்ந்து இதற்கு ஒரு வழி காணவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை அந்தத் தகப்பனுக்கு இரண்டு வழி இருக்கிறது. உயிரோடு இருக்கையிலேயே ஹிபாவாக, அதாவது நன்கொடையாகக் கொடுத்து, சொத்தைக் கைமாற்றியும் விடலாம். அல்லது மூன்றில் ஒரு பங்கு வரை வசிய்யத் (உயில்) எழுதலாம். வாரிசு அல்லாதவருக்கு அந்த அளவுக்கு எழுத மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டியதில்லை.

வயது குறைந்த கல்யாணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தைத் திருமணம் குற்றம்; 2006 சட்டப்படி தண்டனை உண்டு, போக்சோவும் வரும். அந்தப் பயத்திலேயே சில குடும்பங்கள் குழந்தையின் பிறப்பைக்கூடச் சரியாகப் பதியாமல் மறைக்கின்றன. அதே 2006 சட்டத்தின் 6-ஆவது பிரிவைப் பார்க்கவேண்டும்: குழந்தைத் திருமணத்தை நீதிமன்றம் ரத்து செய்துவிட்டாலும், அதில் பிறந்த அல்லது கருவுற்ற பிள்ளை எல்லா வகையிலும் முறையான பிள்ளையே. குற்றம் நடத்திவைத்த பெரியவர்களுடையது. பிள்ளையின் பெயரை மறைக்கத் தேவையே இல்லை.

வயிற்றுக்கும் பள்ளிக்கூடத்துக்கும்

சொத்து வழக்கு வருடக்கணக்கில் ஓடும். அதற்குள் குழந்தை வளரவேண்டுமே. இங்கேதான் சட்டம் மிக நேராகப் பேசுகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144, முறையான பிள்ளையோ அல்லவோ, தன்னைக் காத்துக்கொள்ள முடியாத சிறு பிள்ளைக்குத் தகப்பன் ஜீவனாம்சம் தரவேண்டும் என்கிறது. எந்த மதத்தாராக இருந்தாலும் பொருந்தும். திருமணமே செல்லாது என்று அவர் வாதாடினாலும் பிள்ளைக்கான தொகை தப்பாது. தகப்பன் அவர்தான் என்பது மட்டும் போதும். இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் முடிக்க முயலவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. தாய் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். கணவர் வீட்டு ஊருக்கு அலையவேண்டியதில்லை.

ஷாபானு ஜீவனாம்ச வழக்குக்குப் பிறகு, தலாக் ஆன முஸ்லிம் பெண்களுக்காக வந்த 1986 சட்டத்தைக் காட்டி, தலாக் ஆனபின் பிள்ளைக்கு இரண்டு வயது வரைதான் செலவு தருவேன் என்று சொல்லும் தகப்பன்மார் இன்னும் இருக்கிறார்கள். அந்த இரண்டு வருடக் கணக்கு பாலூட்டும் தாய்க்கு உரியது. பிள்ளையின் உரிமை தனி என்று 1997-இல் உச்சநீதிமன்றம் தீர்த்துவிட்டது: வயது வரும்வரை அல்லது சொந்தக் காலில் நிற்கும்வரை, பெண்பிள்ளை என்றால் கல்யாணம் ஆகும்வரை. 2024 ஜூலை 10-ஆம் தேதித் தீர்ப்பு, தலாக் ஆன தாயும் தனக்காக இதே பிரிவில் கேட்கலாம் என்பதை மறுபடி உறுதிசெய்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு வழக்கு 2013-இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. கோயம்புத்தூர் முஸ்லிம் பெண். நிக்காஹுக்கு எழுத்து ஆதாரம் இல்லை. குடும்பநல நீதிமன்றம் பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் கொடுத்தது. தாயை மனைவி என்று ஏற்கவில்லை. உயர்நீதிமன்றம் அதை மாற்றி அவளுக்கும் கொடுத்தது. பிரசவ அறுவைச் சிகிச்சைக்குக் கணவர் என்று அவர் போட்ட கையெழுத்து அங்கே பெரிய சாட்சியாக நின்றது. அந்தத் தீர்ப்பின் வேறு சில வரிகள் பெரிய சர்ச்சையாயின. அதற்குள் நான் போகவில்லை. ஆஸ்பத்திரித் தாளுக்கு எவ்வளவு எடை இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

பிறப்புச் சான்றுக்கு வருவோம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் முதல் கல்யாணப் பதிவு வரை வயதையும் பிறந்த இடத்தையும் காட்டப் பிறப்புச் சான்றுதான் அடிப்படை ஆவணம். பிறந்து 21 நாளுக்குள் பதிவது இலவசம், சுலபம். இதற்குத் திருமணச் சான்று தேவையில்லை. கேட்டுத் திருப்பி அனுப்பினால் 2015 ஜூலையில் உச்சநீதிமன்றம் சொன்னதைச் சொல்லுங்கள்: தாய் தனியாக வந்து, தான் பெற்ற பிள்ளை என்று பிரமாணப் பத்திரம் தந்தால் பிறப்புச் சான்று கொடுத்தே ஆகவேண்டும். பாஸ்போர்ட்டுக்கும் 2016 டிசம்பர் முதல் திருமணச் சான்று வேண்டாம். பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். ஆனாலும், தகப்பன் ஒப்புக்கொள்ளும் நிலையில் இருந்தால் அவர் பெயரை விடாமல் போட்டுவிடுவது நல்லது. பின்னாளில் அது பெரிய துணை.

இருபத்துநாலு பங்கு

வெளியூரில் இருந்த வாப்பா திடீரென்று காலமாகிவிட்டார். ஊரில் முதல் மனைவியும் ஒரு மகனும். இரண்டாவது நிக்காஹ் பதிவாகவில்லை. அதில் ஒரு மகள். வேறு வாரிசு இல்லை. ஃபராயிள் என்னும் ஷரீஅத் பாகப்பிரிவினைக் கணக்குப்படி சொத்தை 24 பங்காக்கினால், மனைவியர் இருவருக்கும் சேர்த்து 3, அதாவது ஆளுக்கு ஒன்றரை. மகனுக்கு 14, மகளுக்கு 7. எந்த நிக்காஹ் பதிவானது, எது பதிவாகவில்லை என்று இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. மகளுக்கு 7 என்பது மகனில் பாதி என்ற பொது விதியால் வருவது. இரண்டாம் தாரத்துப் பிள்ளை என்பதால் குறைந்தது இல்லை. பழைய மதராஸ் மாகாணம் 1949-இல் செய்த திருத்தத்தால் கடலூர்ப் பக்கம் நஞ்சை புஞ்சைக்கும் இதே கணக்குத்தான்.

நடப்பில் என்ன ஆகும்? முதல் வீட்டார் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றுக்கு மனு கொடுக்கும்போது இரண்டாவது பெயர்கள் அதில் இருக்காது. தெரிந்தவுடனே எழுத்தில் ஆட்சேபணை கொடுக்கவேண்டும். தாமதித்தால் வங்கிக் கணக்கும் பத்திரமும் கைமாறிவிடும். வாரிசுச் சான்று யாருடைய சொத்துரிமையையும் இறுதியாகத் தீர்ப்பதில்லை. தகராறு என்றால் சிவில் கோர்ட்டில்தான் பேசவேண்டும். அங்கே போய் நிற்கும்போதுதான் சாட்சிகள் இருவரும் மௌத்தாகிவிட்டார்கள், ஓதிவைத்த ஹஜ்ரத் சொந்த ஊருக்குப் போய்விட்டார் என்று தெரியவரும்.

தஃப்தரின் கதியும் கவலைதான். பல பள்ளிவாசல்களில் அது மர பீரோவில் இருக்கும் ஒற்றைப் பிரதி. 2004 சுனாமியைப் பார்த்த கரை இது. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது. கூரை பறந்த வீடுகளில் என்னென்ன தாள் நனைந்து போயின என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. ஜமாஅத் நிர்வாகிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பழைய தஃப்தர்களை ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். நிக்காஹ் முடிந்த கையோடு மணமகளிடமும் ஒரு நகலைக் கொடுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள்.

கெடு தாண்டியவர்கள் என்ன செய்யலாம்?

கணவனும் மனைவியும் சேர்ந்தே வாழ்கிறார்கள், பதிவு மட்டும் விட்டுப்போயிற்று என்றால், 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு ஒரு வழி. ஏற்கெனவே மதச் சடங்குப்படி நடந்த கல்யாணத்தை அதன்கீழ் பதியலாம். இருவருக்கும் 21 வயது நிரம்பியிருக்கவேண்டும், வேறு துணை உயிரோடு இருக்கக் கூடாது, அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்கவேண்டும், முப்பது நாள் அறிவிப்பும் போடுவார்கள். 18-ஆவது பிரிவின்படி, கல்யாணச் சடங்கு நடந்த நாளுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் பெயரையும் அந்தச் சான்றுப் புத்தகத்திலேயே எழுதுவார்கள். அவர்கள் தொடக்கம் முதலே முறையான பிள்ளைகளாகக் கருதப்படுவார்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு செய்யவேண்டும். இப்படிப் பதிந்தபின் வாரிசுரிமைக்கு ஷரீஅத் கணக்கு பொருந்தாது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் வரும். சிலருக்கு அது மனதுக்கு ஒவ்வாது. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணவேண்டிய விஷயம்.

அந்த வழி வேண்டாம் என்பவர்கள், அல்லது இரண்டாம் நிக்காஹ் என்பதால் அது முடியாதவர்கள், ஒரு முத்திரைத்தாளில் இக்ரார் எழுதிவைக்கலாம். இன்ன தேதியில், இன்ன ஊரில், இன்னார் ஓதிவைத்து, இன்னார் சாட்சியாக நிக்காஹ் நடந்தது, மஹர் இவ்வளவு, இந்தப் பிள்ளைகள் அந்த நிக்காஹில் பிறந்த என் முறையான பிள்ளைகள். கணவர் கையெழுத்தோடு ஓதிவைத்தவர், சாட்சிகள் கையெழுத்தும் இருக்கட்டும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிந்துவைத்தால் இன்னும் நல்லது. நல்ல மனதோடு இருக்கும்போதே செய்யவேண்டிய வேலை இது. வருத்தம் வந்தபிறகு யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

ஏற்கெனவே வருத்தம் வந்துவிட்டவர்களுக்கு: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் தரவேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவு. கடலூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்தோடு இருக்கிறது. பாண்டிச்சேரிக்கும் தனி ஆணையம் உண்டு. போகும்போது அந்தப் பிளாஸ்டிக் கவரை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். கிழிந்த பத்திரிகை, ஆஸ்பத்திரிச் சீட்டு, அவர் அனுப்பிய பணத்தின் ரசீது, ஃபோனில் இருக்கும் "மகளுக்கு ஃபீஸ் கட்டியாச்சா" என்ற வாய்ஸ் மெசேஜ், எல்லாம். தடுப்பூசி அட்டையைக்கூட வீட்டில் வைத்துவிட்டுப் போகவேண்டாம்.